தலைப்பிரட்டை சொன்ன கணக்கு

ஐப்பசி மழை இறங்கினால் பொட்டிப்புரம் மானாவாரிக் காட்டில் ராத்திரி தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. வங்கி வேலை முடிந்து ஊருக்கு வந்த முதல் வருசம், ஈரத்தைப் பார்த்ததும் மக்காச்சோளத்துக்கு ஒரு மூட்டை யூரியா வீசினேன். அன்று ராத்திரியே பெருமழை. இரண்டு நாளில் ஓடையோரக் குட்டையில் தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. "சார், ஒங்க உரத்தண்ணி எறங்கிருச்சு" என்றார் ஆடு மேய்க்க வந்தவர்.

கணக்குப் பார்ப்பது பழக்கமாச்சே. 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. 20 கிலோ 700 கிராம். பயிர் எடுத்தது போக மீதி காற்றுக்கும் தண்ணீருக்கும்தான். யூரியா மண்ணிலும் நீரிலும் அமோனியாவாகிறது. நீரில் சூடும் காரமும் கூடக்கூட அதன் நஞ்சும் கூடும். செவுளால் மூச்சுவிடும் தலைப்பிரட்டை, கால் முளைக்காமல் கரையேறித் தப்ப முடியாது.

அமோனியா பிறகு நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளை வைத்தே கர்நாடகத்தின் குவெம்பு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். நைட்ரேட் நீரில் தலைப்பிரட்டைகளின் இரையெடுப்பும் ஓய்வும் பாதிக்கப்படுவதை 2006இல் எழுதினார்கள். உடலமைப்புக் கோளாறுகளை 2008இல். இரை குறைந்தால் வளர்ச்சி பிந்தும். நம்ம ஊர்க் குட்டை அதுவரை காத்திருக்காது, வற்றிவிடும்.

தவளை போனால் நமக்கென்ன? சம்பளம் கேட்காமல் ராத்திரி முழுக்கப் பூச்சி பிடிக்கிற ஆள் அது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்தது சும்மா இல்லை. இன்னொன்று: குட்டைக்குப் போகும் நைட்ரேட் கிணற்றுக்கும் போகும். குடிநீரில் அதற்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான்.

அதோடு யூரியாவை நிறுத்தினேன். தட்டைப்பயறு ஊடுபயிர், மக்கிய தொழு உரம், குட்டையைச் சுற்றி வெட்டிவேர் வரிசை. இயற்கை விவசாயிகளும் கவனிக்கணும்: பச்சைச் சாணமும் கோழி எருவும் மழையில் கரைந்து ஓடினால் அதிலும் அமோனியாதான். மக்க வைத்துப் போடுங்கள், நீரோட்டப் பாதையில் குவிக்காதீர்கள்.

இப்போது என் குட்டையில் தலைப்பிரட்டைகள் உண்டு. ஆனால் மேட்டுக்காட்டுத் தண்ணீரும் இங்கேதான் வடிகிறது. அதனால் போன மாசம் அந்தக் காட்டுக்காரரைக் கூட்டிவந்து குட்டையைக் காட்டினேன். வரப்பைச் சேர்ந்தே உயர்த்துவோம் என்றிருக்கிறார். இந்த ஐப்பசியில் உங்கள் குட்டையையும் குனிந்து பாருங்கள்.