பாதி தோசைக்குப் பிறகு...

தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகே, லாரி பேக்கர் வடிவமைத்த வட்ட வடிவ இந்தியன் காபி ஹவுஸ். சுழன்று மேலேறும் தளம் நெடுக மேஜைகள். பீட்ரூட் கலந்த மசாலா தோசையின் மணம். எடை குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். முதலில் திரவ உணவு, பிறகு மசித்தது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதம். அப்போதும் பாதி தோசையிலேயே வயிறு நிறைந்துவிடும். மீறினால் நெஞ்சடைத்து வாந்திதான்.

அளவு மட்டுமே பிரச்சினை அல்ல. தோசையில் மாவுச்சத்துதான் அதிகம். தினசரித் தேவையோ குறைந்தது 60 கிராம் புரதம். எனவே மீன், முட்டை, பருப்பு முதலில், சோறு கடைசியில். தண்ணீர் அரை மணி நேரம் கழித்து. சில மாதங்களில் முடி கொட்டும். பெரும்பாலும் மீண்டும் வளரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. நிறுத்தினால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம்.

2011இல் நிதின் கட்கரி இந்த சிகிச்சை செய்துகொண்டபோது நாடே பேசியது. பேசப்படாதது அடுத்து வரும் ஆண்டுகள். முதல் ஒன்றரை ஆண்டில் எடை வேகமாக இறங்கும். பின்னர் பசி மெல்ல எட்டிப் பார்க்கும். திருவனந்தபுரத்துக் கல்யாணப் பந்தியில் போளியின் மேல் பாயசத்தை ஊற்றி, "இன்னும் கொஞ்சம்" என்று உறவினர் வற்புறுத்துவார்கள். அங்கே "போதும்" என்று இலையை மூடத் தெரிந்தவருக்கே சிகிச்சை பலிக்கிறது.