பழையாறு போய்ச் சேரும் கரை

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில், தாடகைமலையின் மீது பனி படிந்திருக்கும் விடியற்காலத்தில், குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டியில் பழையாற்றங்கரையில் நிற்கிறவனுக்கு, இந்நீர் மணக்குடியில் சமுத்திரத்தோடு கலக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவர வேண்டுமென்ற ஆசை எழுவது சகஜம். அங்கிருந்து சொத்தவிளைப் பக்கமாக மேற்கே நடக்கத் தொடங்கினால், வெண்மணலில் கருமணல் வரிவரியாக ஓட, நண்டுகள் காலடியோசைக்கு அஞ்சி வளைக்குள் மறைய, பொழுது போவதே தெரியாது.

குளிர்காலத்துக் கடல் சாது என்பது நம்மவர் எண்ணம். ஆனி ஆடியின் பேரலையைக் கண்டு ஒதுங்குகிறவர்களே, தை மாதத்துச் சாந்தத்தை நம்பிக் குழந்தைகளோடு முழங்காலளவு இறங்கிவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்ததும் ஒரு மார்கழிக் காலையில்தான். அதுபோன்ற உற்பாதம் அபூர்வம். அடிக்கடி வருவது வேறொன்று. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வெகுதூரத்தில் அடிக்கும் புயலில் பிறந்து, சில தினங்கள் பிரயாணம் செய்து, இங்கே வானம் நிர்மலமாகவும் காற்று மந்தமாகவும் இருக்கும்போதே திடீரென்று கரையேறும் அலைக்குக் கடலோரத்தார் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அச்சொல்லையே அங்கீகரித்தது. பெரும்பாலும் சித்திரை வைகாசியில் வருவதாயினும், 2025-இல் மாட்டுப் பொங்கல் நாளான ஜனவரி 15-க்கே நம் கரைக்கு அதன் எச்சரிக்கை விடப்பட்டது.

அவ்வெச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம். அதனை அலட்சியம் செய்வதன் விலை என்னவென்பதை, 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரத்தருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டபோது இம்மாவட்டம் கண்டது. ஆகவே, மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அக்கோட்டுக்கு மேலாகவே நடப்பது உத்தமம். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் நுரையின்றிக் கலங்கித் தோன்றினால், அது குளிக்கத் தக்க துறையன்று. நீரைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் வாய்க்கால் அது. அதில் சிக்கியவன் கரையை நோக்கி எதிர்நீச்சலடித்துக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிய பின்பே திரும்பவேண்டும்.

கடல் தடுக்காத இடத்தில் சில வேளை மனிதன் தடுக்கிறான். வழக்கமாக நடந்த மணற்பாதையில் ஒரு விடுதியின் கம்பிவேலி குறுக்கிட, காவலாள் ஒருவர் வெகு மரியாதையாக, "ஐயா, இது தனியார் இடம்" என்று என்னைத் திருப்பியனுப்பியதுண்டு. அன்று நானும் பேசாமல் திரும்பினேன், அது பிசகு. கடற்கரை பொதுஜனங்களின் பொருட்டு அரசு காத்துவரும் சொத்து என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கில் ஏற்றுக்கொண்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைப் பற்றிய 2011-ஆம் ஆண்டு அறிவிக்கையோ, தனியார் வேலி எதுவாயினும் கரைக்குச் செல்லும் வழியை மறிக்கலாகாதென்றும், இரண்டு விடுதிகளுக்கிடையே குறைந்தது 20 மீட்டர் வழி விடவேண்டுமென்றும் விதித்தது.

வழி மறிக்கப்பட்டால் வேலிக்காரரோடு வாதாடுவதில் பிரயோஜனமில்லை. தேதியோடு புகைப்படம் எடுத்து, சர்வே எண் தெரிந்தால் அதையும் சேர்த்து, நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, அதற்கு ரசீதும் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்விடத்துக்கு அனுமதி தரப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். அதிலும் பரிகாரம் கிட்டாவிடில், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதமே கெடு என்பதால் தாமதம் கூடாது. வக்கீலுக்குப் பணமில்லாத ஏழைகள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பொங்கலுக்குக் கரைக்குப் புறப்படுகிறவர்கள், கட்டுச்சோற்றை எடுத்துவைக்கும்போதே இரண்டு எண்களையும் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்: கடலோரக் காவல் குழுமம் 1093, மாவட்டப் பேரிடர் உதவி 1077.