செவ்வாயில் ஒரு தூதரகம்

2017 ஜூனில் ஒருத்தர் ட்விட்டரில் விளையாட்டாக ஒரு பதிவு போட்டார். தான் செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொண்டதாகவும், மங்கள்யான் கொண்டுவந்த சாப்பாடு தீரப்போவதாகவும், அடுத்த மங்கள்யான் எப்போ வரும் என்றும் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜிடம் கேட்டார். பதில் வந்தது: நீங்கள் செவ்வாயில் மாட்டிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உங்களுக்கு உதவும்!

எல்லாரும் சிரிச்சோம், பகிர்ந்தோம். ஆனா இந்த ஜோக் ஏன் எடுபட்டது? பின்னாடி மூணு வருஷ வேலை இருந்ததால்தான்.

அரசியல்வாதிகளின் பக்கங்களைப் பாருங்க. பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்து, திறப்பு விழா படம், எதிர்க்கட்சிக்கு ஒரு குத்து. இது பழைய சுவரொட்டிதான். சுவர் மட்டும் மாறியிருக்கு. 2014 மே முதல் 2019 மே வரை அமைச்சராக இருந்த சுஷ்மா செய்த வித்தியாசம் ரொம்ப எளிமையானது: அவர் பதில் சொன்னார். தொலைந்த பாஸ்போர்ட், சிக்கிய விசா, வெளிநாட்டில் இறந்தவரின் உடல் என்று ஜனங்கள் எழுதினார்கள். அவர் சம்பந்தப்பட்ட தூதரகத்தைக் குறிப்பிட்டு, எல்லாரும் பார்க்க, அறிக்கை கேட்டார். நாடே பார்க்கும்போது எந்த அதிகாரி கோப்பைக் கிடப்பில் போடுவார்?

ஆனா ட்வீட் மட்டும் யாரையும் காப்பாற்றாது. 2015-ல் ஏமனில் போர் மூண்டபோது, எட்டு மாதக் குழந்தையோடு சிக்கிய ஒரு பெண் அவருக்கு ட்விட்டரில் எழுதினார், உதவி கிடைத்தது. அந்தக் கதை பரவியது. ஆனால் அந்த 'ஆபரேஷன் ராஹத்'தில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரையும் வெளியே கொண்டுவந்தது கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் சவூதியோடு நடந்த பேச்சுவார்த்தையும்தான். அதே வருஷம் வெளிநாட்டு இந்தியர்களின் புகார்களுக்காக 'மதத்' என்ற இணையதளம் வந்தது. 2016 டிசம்பரில் 'ட்விட்டர் சேவா' மூலம் தூதரகங்களின், பாஸ்போர்ட் அலுவலகங்களின் கணக்குகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. முகம் அமைச்சருடையது, கைகள் பல பேருடையவை.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். 2016 ஜூலை கடைசியில் சவூதியின் ஜித்தாவில் இந்தியத் தொழிலாளர்கள் சம்பளமும் இல்லாமல் சோறும் இல்லாமல் கிடப்பதாக ஒருவர் அவருக்கு ட்வீட் செய்தார். விசாரித்தால், சவூதியில் அந்த நிலையில் இருந்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். சுஷ்மா அங்குள்ள 30 லட்சம் இந்தியர்களிடம் உதவி கேட்டார். தூதரகம் உணவு விநியோகித்தது. நல்ல விஷயம். ஆனா அவர்கள் பட்டினி கிடந்தது அன்றைக்குத் தொடங்கினதில்லையே. யாரோ ஒருத்தர் கையில் போனும், ட்விட்டர் கணக்கும், யாருக்கு எழுதணும்ங்கிற விவரமும் இருந்திருக்கு. அப்படி ஒருத்தர் இல்லாத முகாம்களோட கதி?

திறந்த கதவு வழியா எல்லாரும் வருவாங்க என்பதும் உண்மை. பழுதான ஃபிரிட்ஜுக்காகக் கூட ஒருவர் எழுதினார். துன்பத்தில் இருக்கும் மனிதர்களோடு நான் ரொம்ப பிஸி, ஃபிரிட்ஜ் விஷயத்தில் உதவ முடியாது என்றார் சுஷ்மா. அது சிரிப்போடு போனது. 2018 ஜூனில் வந்தது அப்படியில்லை. லக்னோ பாஸ்போர்ட் அலுவலகத்தில், வேறு வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி தங்களை அவமானப்படுத்தியதாக அவரிடம் முறையிட்டார்கள். அடுத்த நாளே பாஸ்போர்ட் கிடைத்தது, அதிகாரி இடமாற்றம் செய்யப்பட்டார். உடனே வசை மழை. திட்டியவர்களில் பலர் அவருடைய கட்சியின் ஆதரவாளர்களே. அவர் அந்த வசைகளில் சிலவற்றை 'லைக்' போட்டு எல்லார் கண்ணிலும் படவைத்தார். பிறகு, இதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா என்று வாக்கெடுப்பு வைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. 57 சதவீதம் இல்லை என்றது. 43 சதவீதம் ஆமாம் என்றது.

அந்த 43-ஐ நான் இன்னும் மறக்கல. முகத்துக்கு நேரா பேசுற வசதி அன்பை மட்டும் கொண்டுவராது.

ஆக, ஒரு அரசியல்வாதியின் பக்கத்தை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்விகள் ரெண்டு. ஒண்ணு, இவர் பேசுகிறாரா, பதில் சொல்கிறாரா? ரெண்டாவது இன்னும் முக்கியம்: இவருக்கு ட்வீட் போடத் தெரியாதவருக்கும் அதே வேலை நடக்குமா? நடந்தால் அது உரிமை. நடக்காவிட்டால் அது தயவு. தயவு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அந்த ஆளோடு போய்விடும். சுஷ்மா 2019 ஆகஸ்ட் 6-ல் காலமானார். பாஸ்போர்ட் அலுவலக வரிசை மட்டும் இன்னும் இருக்கு.