ஒர்க்கிங்கா, நான்-ஒர்க்கிங்கா?

நேற்றுப் பேரனின் பள்ளிப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். 'தாயார்: ஒர்க்கிங் / நான்-ஒர்க்கிங்' என்று இரண்டு கட்டங்கள். "நான்-ஒர்க்கிங்னு போடுங்க மாமா" என்றாள் மருமகள். பேனா ஓடவில்லை. ரயில்வேயில் ஒரு சாமானுக்கு அப்படி எழுதினால் அது பழுதுபார்க்கப் போய்விடும்!

தமிழில் கடிகாரம் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாமே ஒர்க்கிங்தான். இங்கே வடக்கில் எல்லாமே 'சாலூ'. ஆளைப் பார்த்துச் சாலூ என்றால் மட்டும் அர்த்தம் வேறு, வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

'ஒர்க்கிங் நாலெட்ஜ்' என்று ஒன்று உண்டு. 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. வடக்கே வேலைக்கு வந்த நமக்குப் பொருந்தும். பிராக்ஞா தேர்வு எழுதித் தேறினேன். அதாவது இந்தியில் காரியம் நடத்தத் தெரிந்தவன். கவிதை எதிர்பார்க்கக் கூடாது.

இந்தச் சொல்லில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு குளிர்கால இரவு, 18 பெட்டி எக்ஸ்பிரஸ். பெட்டிக்கு 2 வீதம் 36 பிரேக் சிலிண்டர். "எல்லாம் ஒர்க்கிங் சார்" என்றார் ஃபிட்டர். டார்ச்சுடன் நடந்தேன். பிரேக் போட்டால் பிஸ்டன் வெளியே வர வேண்டும், விட்டால் உள்ளே போக வேண்டும். எட்டாவது பெட்டியில் ஒன்று அசையவே இல்லை. ரயில்வே அதை 'ஒர்க்கிங்' என்று கேட்பதில்லை, 'ஆபரேட்டிவ்' என்று எண்ணுகிறது. 36-க்கு 35 என்றால் 97.2 சதவீதம். வழியில் பழுதானால் 90 வரை பொறுக்கலாம். புறப்படும் நிலையத்தில் 100 வேண்டும். "ஒன்று போனால் வண்டி நிற்காதா சார்?" என்றார் அவர். நிற்கும்தான். ஆனால் பிரேக் சான்றிதழில் 100 என்று கையெழுத்துப் போடுவது நான். வழியில் இன்னும் சில போனால் கணக்கு எங்கே நிற்கும்?

சரிசெய்து அனுப்ப 25 நிமிடம் தாமதம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'வண்டி ஒர்க்கிங், ஒரு சிலிண்டர் ஆபரேட்டிவ் இல்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அப்புறம் கேட்கவில்லை.

படிவம் இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது. விடிகாலை 5 மணிக்கு எழுந்து நாலு டிபன் டப்பா கட்டும் மருமகள், "இன்னிக்கே கொடுத்தாகணும் மாமா" என்று அவசரப்படுத்துகிறாள்.