ரோடு பைக்கில் பிரேக் பிடிக்கலையா? கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்க!

திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கு வண்டிப்பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, பயம் இல்லை. இறங்கும்போதுதான் வினை. நண்பனிடம் இரவல் வாங்கிய ரோடு பைக் அது. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்த 'டிராப் பார்' ஹேண்டில். வளைவில் பிரேக்கை இறுக்கினேன். வேகம் குறைந்தது, வண்டி நிற்கவில்லை. எதிரே கார்! ஓரத்து மண்ணில் இறங்கி, காலை ஊன்றித்தான் நின்றேன்.

"பிரேக் சரியில்லடா" என்றேன். அதே வண்டியை அதே இறக்கத்தில் இரண்டு விரலால் நிறுத்திக் காட்டினான் நண்பன். கோளாறு பிரேக்கில் இல்லை. என் கை இருந்த இடத்தில்!

கதவும் கீலும்

நேரான ஹேண்டில்பாரில் விரல்கள் எப்போதும் பிரேக் லீவரின் நுனிப் பக்கமே இருக்கும். டிராப் பாரில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. மேலே இருக்கும் நேர்ப்பகுதியில் பிடித்தால் பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கே எட்டாது. லீவருக்கு மேலே ரப்பர் உறை போட்ட 'ஹூட்'டில் பிடித்தால் எட்டும்; ஆனால், விரல்கள் லீவர் சுழலும் அச்சுக்கு அருகில் அழுத்தும்.

கதவைக் கீல் ஓரமாகத் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் தேவைப்படும் என்று தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். கீழ் வளைவான 'டிராப்'பில் பிடித்தால் விரல்கள் லீவரின் நுனிப் பக்கம் போகும். லேசாக அழுத்தினாலே பிடிக்கும். புதியவர்கள் குனியப் பயந்து மேலேயே பிடிக்கிறார்கள். பயம் அதிகமாகும் நேரத்தில் பிரேக்கின் பலம் குறைவது இதனால்தான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் ஹூட்டில் இருந்தே சுலபமாக நிறுத்தலாம்.

ரோட்டில் இறங்கும் முன்...

* எந்தக் கை எந்தச் சக்கரத்துக்கு என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். அமெரிக்கா போன்ற நாடுகளில் இடது கை.

* காலி மைதானத்தில் பழகுங்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால், அதை 'டக்'கென்று இறுக்கினால் பின்சக்கரம் தூக்கிவிடும். இரண்டையும் படிப்படியாக அழுத்தி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

* விரல் எட்டவில்லையா? பல லீவர்களில் தூரத்தைக் குறைக்கும் சிறிய ஸ்க்ரூ உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

* பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரை மட்டும் மாற்றுபவர்கள் கவனம்! வி-பிரேக்குக்குக் கேபிள் அதிகம் இழுபட வேண்டும். சாதாரண ரோடு லீவர் அவ்வளவு இழுக்காது. லீவர் ஹேண்டிலைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

* ரிம்மை உரசும் பிரேக் என்றால், மழையில் பிடிக்கத் தாமதமாகும். முன்கூட்டியே அழுத்துங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்குக் கால் பலம் போதும். இறங்குவதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே மலைக்குப் போனேன். இறங்கும்போது கைகள் கீழே, இரண்டு விரல்கள் லீவரில். அதே வளைவில் நின்றேன். இந்த முறை காலை ஊன்றியது, ஊரை ஒரு நிமிடம் வேடிக்கை பார்க்கத்தான்!