ஒட்டகத்தைக் கட்டினோமா?

வியாபாரம் என்றால் இலாபமும் நட்டமும் கலந்ததுதான். இது எமது பாட்டன்மாருக்கும் தெரிந்த விடயம். ஆனால் இன்றைய வியாபாரியைச் சாய்க்கும் ஆபத்துக்கள் பெரும்பாலும் கடைக்கு வெளியிலிருந்தே வருகின்றன.

2004 டிசம்பரில் கடல் வந்தது. 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகனையிலும், 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிந்தன. 2020இல் கொரோனா கடைகளைப் பூட்டியது. 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவரை சென்றது. கடனுக்குச் சரக்கு இறக்கியவர்கள் நிலைகுலைந்தனர். இவற்றில் எதற்கும் கடைக்காரர் காரணமல்ல.

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்” என்கிறோம். உண்மைதான். ஆனால், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், அதைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

நமது ஒட்டகங்களுக்கு மூன்று கயிறுகள் வேண்டும்.

முதலாவது, காப்புறுதி. வட்டிக்கு அஞ்சி ஒதுங்கியோருக்காக தகாபுல் முறை இந்நாட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக உண்டு. ஆனால் பத்திரம் வைத்திருந்தால் மட்டும் போதாது. சாதாரண தீக் காப்புறுதி, கலவரத்தில் வைக்கப்படும் தீயைத் தானாகவே உள்ளடக்குவதில்லை. கலவரம், பயங்கரவாதம், வெள்ளம் ஆகியவற்றை மேலதிகப் பணம் செலுத்தியே சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, சரியான பெறுமதி. கட்டணத்தை மிச்சம் பிடிக்க, ஒரு கோடி ரூபா சரக்கை 50 இலட்சத்துக்கு எழுதுவோர் பலர். 40 இலட்சத்துக்குச் சரக்கு எரிந்தால் முழுத்தொகையும் கிடைக்கும் என்பது அவர்களது எண்ணம். பாதிப் பெறுமதிக்கே எழுதியதால், நட்டத்திலும் பாதிதான், அதாவது 20 இலட்சம்தான் பொதுவாகக் கிடைக்கும். பெருநாள் காலத்தில் சரக்கைக் கூட்டும்போது காப்புறுதித் தொகையையும் கூட்டுவது அவசியம்.

மூன்றாவது, பிரித்து வைத்தல். சரக்கு முழுவதையும் ஒரே களஞ்சியத்தில் குவிக்கக் கூடாது. கடன் கொப்பி, பில்கள், இருப்புப் பட்டியல் ஆகியவற்றின் பிரதி வீட்டிலும் இருக்கட்டும். கொப்பியும் எரிந்துவிட்டால் சரக்கு இருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? வர வேண்டிய கடனை யாரிடம் போய்க் கேட்பது?

ஆபத்தில்லாத காலம் இனி வருமென்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆனால் இன்றிரவு கடையைப் பூட்டுமுன் அந்தப் பத்திரத்தை எடுத்து, எவை சேர்க்கப்பட்டுள்ளன, எவ்வளவுக்கு எழுதப்பட்டுள்ளது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மீதி அல்லாஹ்வின் பொறுப்பு.