சரவிளக்கும் வீட்டு விளக்கும்

கோயில் திருவிழாவில் மதிலோரமாகத் தொங்குகின்ற சீரியல் பல்புகளில் ஒன்று பழுதானவுடனே, அதுவரையில் ஜகஜ்ஜோதியாய் விளங்கிய சரம் முழுவதும் இருண்டுபோவதையும், வீட்டுத் தாழ்வாரத்து விளக்கு அணைந்த போதிலும் சமையலறை விளக்கு அதனால் சற்றும் பாதிக்கப்படாமல் எரிந்துகொண்டிருப்பதையும் பார்த்திருப்பவர்கள், மின்சார சாஸ்திரத்திற்கு ஆதாரமான இருவகை இணைப்புகளையும் பிரத்தியட்சமாகக் கண்டவர்களே ஆவர்.

சரத்தில் உள்ளது தொடரிணைப்பு. ஒரே மின்னோட்டம் எல்லாப் பல்புகளின் வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று தீரவேண்டியிருப்பதால், அதனை உந்துகின்ற 230 வோல்ட் மின்னழுத்தம் அவற்றினிடையே பாகம் பிரிக்கப்படுகிறது. 6 வோல்ட் பல்புகள் 38-ஐக் கோத்தால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 வோல்ட் வந்து சேரும். ஆனால் இது சமபாகமாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பதே மின்னழுத்தம் என்று, ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-இல் வெளியிட்ட விதியின்படி, தடை மிகுந்தவனுக்கே பங்கும் மிகுதி.

இதற்கு நான் மிகவும் விரும்பும் திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 40 வாட் குண்டு பல்பு ஒன்றையும் தொடரில் இணைத்துப் பார்த்தால், பிரகாசமாக எரிவது பெரியதன்று, சிறியதே! மெல்லிய இழையுடைய 40 வாட் பல்புக்கு, முழு வெளிச்சத்தில் எரியும்போது தடை ஏறத்தாழ 1,320 ஓம். மற்றதற்கோ 530 ஓம்தான். ஆகவே சிறியது 160 வோல்ட்டுக்கும் அதிகமாகத் தன் பங்காக எடுத்துக்கொள்ள, பெரியது எஞ்சியதைக் கொண்டு மங்கலாகச் சிவந்து நிற்கிறது.

வீட்டில் இருப்பதோ பக்க இணைப்பு. ஒவ்வொரு விளக்கின் இரு முனைகளும் இரு பிரதான கம்பிகளிலே நேராகச் சேர்வதால், தடை எதுவாயினும் அனைத்திற்கும் முழு 230 வோல்ட் உண்டு. பங்கீடு பெறுவது மின்னோட்டமே. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவிலே மின்நிலையம் நிறுவிய எடிசன், ஒருவர் விளக்கை அணைப்பதால் பிறர் இருளில் மூழ்காதிருக்க இம்முறையையே கைக்கொண்டார்.

சரம் அணைந்துவிட்டதனால் அபாயம் நீங்கிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. ஓட்டம் நின்றபின் நல்ல பல்புகள் தம் பங்கை எடுத்துக்கொள்வதில்லையாதலால், 6 வோல்ட் மட்டுமே இருந்த அந்த அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கிடையே இப்போது 230 வோல்ட் முழுவதும் வந்து நிற்கிறது. பழுதான பல்பைத் தேடித் தொடுவதற்கு முன், சுவிட்சை அணைத்ததோடு நில்லாமல், பிளக்கையே கழற்றிவிடுங்கள்.